மூன்றாவதற்கு இடமில்லை

மார்ச் 4

தம்பிக்கு,

உன் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். ஆபீஸ் மெயிலில் எழுதினால் சட்டப்பிரிவு படிக்கும். போட்டிக் கம்பெனியில் கூடப்பிறந்தவன் இருக்கிறான் என்பதற்காக என்னிடம் ஏற்கெனவே ஒரு தாளில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. அதனால்தான் இந்தக் காகிதம். பேனா பிடித்து எத்தனை வருடம் ஆகிறது! பாதி எழுத்து எனக்கே புரியவில்லை. நீ புரிந்துகொள்.

திங்கள்கிழமை ஒன்பது மணிக்கு உச்சரிப்புக் கூட்டம். உன் நாற்காலி காலி. வண்டி கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நானே எல்லோரிடமும் சமாதானம் சொன்னேன். பத்தரைக்குத் தாடிக்காரர் வந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினார். கம்பெனி அவருடையது, ஆனால் அன்றைக்கு அவர்தான் குற்றம் செய்தவர் மாதிரி நின்றார்.

"உங்க தம்பி யானைக்குப் போயிட்டாரு. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"தெரியும் சார்" என்றேன். பொய். ஆறு வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவன், ஒரே டப்பாவில் சாப்பிட்டவன், போவதை ஊரான் வந்து சொல்கிறான் என்று எப்படி ஒத்துக்கொள்வது?

யானை, மயில், அணில் என்று பேர் வைத்தவனே நீதான். சேர்ந்த முதல் வாரத்தில் வெள்ளைப் பலகையில் படம் வரைந்தாய். பத்துப் போனில் ஏழில் ஓடுகிற சிஸ்டம் யானை. மிச்சம் மூன்றில் ஓடுகிற விலை கூடினது மயில். நாம் செய்வது அணில். "யானைக்கும் மயிலுக்கும் கண்ணு தெரியாதவன் கண்ணுக்கே தெரியமாட்டான். நாம அவனுக்குப் பண்ணுவோம்" என்று நீ சொன்னபோது மொத்த ஆபீசும் கை தட்டியது. இன்றைக்கு அந்தப் பலகையைத் துடைத்தார்கள். நான் துடைக்கவில்லை. துடைத்தபோது தடுக்கவும் இல்லை.

அப்பா "சின்னவன் எங்கே" என்று கேட்டார். வேறு ஊரில் வேறு வேலை என்றேன். "யாருகிட்ட?" என்றார். சொன்னேன். பிறகு, "இன்னைக்குப் போன் 'கழகம்'ங்கிறதைக் 'களகம்'னு வாசிச்சுது, குறிச்சுக்கோ" என்றார். முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தினவர். கண் போய் ஏழு வருடம் ஆனாலும் காது விடவில்லை. திரையில் இருப்பதைச் சத்தமாகப் படிக்கிற நம் வாசிப்புக் குரலை இரண்டு வருடமாக உட்கார்ந்து திருத்துகிறார். பதினோராயிரம் சொல் ஆயிற்று. நீ போன மறுநாளும் அந்தத் திருத்தம் நடந்தது. அதையும் தெரிந்துகொள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

'சொன்னால் நீ அழுவாய், அதனால்தான் சொல்லவில்லை' என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அது பொய். நீ கத்துவாய் என்று பயந்தேன். நீ கத்தினால் நான் இருந்துவிடுவேன். இருந்திருந்தால் நாற்பது வயதில் யாருக்கும் வேண்டாத ஒரு சிஸ்டத்தில் நிபுணன் என்று சொல்லிக்கொண்டு தெருவில் நின்றிருப்பேன்.

ஆஸ்பத்திரி ஆப் செய்கிற கம்பெனிக்கு நாம் இரண்டு பேரும் போனது ஞாபகம் இருக்கிறதா? ஏ.சி. இல்லாத அறை, சுவரில் பழைய காலண்டர். நீ நாற்பது நிமிடம் பேசினாய். அந்த மேனேஜர் நல்ல மனிதர், டீ எல்லாம் வாங்கிக்கொடுத்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க போன் வெச்சிருக்கிறவங்க மொத்தம் எத்தனை பேரும்மா?"

"பன்னிரண்டாயிரம்."

"அது நாங்க ஆப் பண்ற ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு ஒரு மாசம் வர்ற கூட்டம்மா."

அவர் கிண்டல் பண்ணவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். வெளியே வந்ததும் நீ "அடுத்த தடவை புள்ளிவிவரத்தை மாத்திக் காட்டணும்" என்றாய். எனக்கோ அந்த நிமிடமே நம்பிக்கை விட்டுப்போயிற்று. ஆப் இல்லாததால் ஆள் வரமாட்டான். ஆள் இல்லாததால் ஆப் வராது. நம் சிஸ்டம் நல்லதா கெட்டதா என்று யாரும் கேட்கவே இல்லையே அக்கா. கேட்டால் நாம் ஜெயித்திருப்போம். கேட்கவே மாட்டார்கள் என்பதுதான் விஷயம். ரயிலில் இரண்டு பக்கமும் சீட் நிரம்பிவிட்டது. மூன்றாவதற்கு இடமில்லை. நாம் கதவோரம் தொங்கிக்கொண்டு, ரயில் நம்முடையது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

இங்கே பதினோராவது மாடி. என் மேசையில் ஒரு தட்டு நிறையப் போன்கள், அறுபது இருக்கும். வியாழக்கிழமை நான் ஒரு வரியை மாற்றினால் திங்கட்கிழமை அது கோடிக்கணக்கான பேர் பையில் இருக்கிறது. முதல் முறை அது நடந்தபோது கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை. ஆறு வருடத்தில் அணிலில் எனக்கு அது ஒரு நாளும் வந்ததில்லை.

திட்டு. ஆனால் பதில் எழுது. நம்பரைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை.

தம்பி


மே 7

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஆஸ்பத்திரியில் இந்த மாதத்திலிருந்து டோக்கன் ஆப்பில் மட்டும்தான். டோக்கன் கொடுத்த ஜன்னலை மூடிவிட்டார்கள். எனக்குத் தெரியாது. எனக்கு ஆபீசில் கூட்டம் இருந்ததால் அப்பா தனியாகப் போயிருக்கிறார். பஸ் நம்பரைப் போன் வாசித்துச் சொல்லும், நிறுத்தம் வந்தால் சொல்லும், வழக்கமாகப் போய் வருகிறவர்தானே என்று விட்டேன்.

வரவேற்பில் இருந்த பையன், "டோக்கன் ஆப்புல போட்டுட்டு வாங்க சார்" என்றானாம். அப்பா போனை நீட்டியிருக்கிறார். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன போன் சார்? இதுல வராதே. கூட யாரும் வரலையா?" என்று கேட்டிருக்கிறான்.

பின்னால் நின்ற ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், தன் போனில் போட்டுக்கொடுக்கிறேன் என்றாராம். ஆப் கேட்கிற கேள்வியெல்லாம் சத்தமாகக் கேட்டிருக்கிறார். "எத்தனை வருஷமா சர்க்கரை சார்? சிறுநீர் அடக்க முடியாம போகுதா சார்? ஆமாவா இல்லையா, ஏதாவது ஒண்ணைச் சொன்னாத்தான் அடுத்த பக்கம் போகும்." வரிசையில் இருபது பேர். அப்பா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "கண்ணு போனது கூடப் பெரிசாத் தெரியலம்மா. என் வியாதியை வரிசைக்கே வாசிச்சுக் காட்டிட்டான்" என்றார். அவ்வளவுதான். சாப்பிடும்போது வேறு பேச்சு.

நீ சொன்ன ரயில் கதையை அப்பாவிடம் சொல்லவில்லை. தொங்கிக்கொண்டிருந்தது நானும் நீயும் மட்டும் இல்லை, அவரும்தான். நீ இறங்கி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாய். உட்கார்ந்தவனுக்குக் கதவு எந்தப் பக்கம் என்பதே மறந்துவிடும்.

உன் யானைக்கு நம் மொழி வாசிக்கத் தெரியுமா? கடையில் போய்க் கேட்டுப் பார்த்தேன். 'மழை' என்றால் 'மலை' என்கிறது. பத்துக்கு ஏழு பேர் என்று உலகத்தையே பையில் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு ழகரம் வரவில்லை. வராததால் அவர்களுக்கு ஒன்றும் குறையவும் இல்லை. நாளைக்கு எந்த சிஸ்டம் ஜெயிக்கும் என்று பத்திரிகையில் எழுதுகிறார்களே, ஜெயிக்கிறவன் யாருக்காக வாசிப்பான் என்று ஒருவனாவது எழுதுகிறானா?

ஒரு நல்ல சேதி. முடிவாகவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வயதானவர்களுக்கென்றே பெரிய எழுத்துப் போன் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி நம்மைத் தேடி வந்திருக்கிறது. அவர்களுடைய எல்லாப் போனிலும் அணிலைப் போட வேண்டுமாம். தாடிக்காரர் மூன்று தடவை பேசிவிட்டார். நடந்தால் பன்னிரண்டாயிரம் நாலு லட்சமாகும். அப்போது அந்தக் கேன்டீன் கணக்குச் சொன்ன மேனேஜரைப் போய்ப் பார்ப்பேன்.

அக்கா


மே 22

அக்காவுக்கு,

அப்பா விஷயத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு என்னால் வேலை பார்க்க முடியவில்லை. தட்டில் இருந்த அறுபது போனையும் எடுத்து ஒவ்வொன்றிலும் 'மழை' என்று அடித்து வாசிக்கச் சொன்னேன். அறுபதும் 'மலை' என்றன. பக்கத்து மேசைக்காரன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான்.

இனி நான் எழுதப்போவதைப் படித்ததும் கிழித்துப் போடு.

இவர்கள் அணிலை வாங்கப்போகிறார்கள். முடிவாகிவிட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் தாடிக்காரருக்குக் கடிதம் வரும். மதிப்பிடுகிற குழுவில் நானும் இருக்கிறேன், உள்ளே இருந்து தெரிந்தவன் நான் ஒருவன்தானே. அவர்களுக்கு வேண்டியது வாசிப்புக் குரல். அப்பாவின் பதினோராயிரம் சொல். யோசித்துப் பார், அது யானைக்குள் போனால் நாலு லட்சம் இல்லை, கோடி. ஆஸ்பத்திரி ஆப் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. வாசிக்கத் தெரியாததுதான் குறை. இரண்டையும் சேர்த்துவிட்டால் அப்பா யார் உதவியும் இல்லாமல் தானே டோக்கன் போட்டுக்கொள்வார்.

ஒன்றே ஒன்றுதான். முப்பத்தொரு பேருக்கும் கம்பெனியில் பங்கு உண்டு. பாதிக்கு மேல் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். தாடிக்காரர் சொன்னால் பாதிப் பேர் எதிர்ப்பார்கள். நீ சொன்னால் போடுவார்கள். எல்லோரும் உன் வாயைத்தான் பார்ப்பார்கள், எனக்குத் தெரியும்.

அந்தக் கிழவர் போன் கம்பெனியை நம்பாதே. இரண்டு வருடம் தாங்காது.

குரலை விடமாட்டார்கள், நான் இருக்கிறேன். இதை என் வாக்காகவே எடுத்துக்கொள். ஆபீசில் இருக்கிறவர்களிடமும் என் பேரைச் சொல்லியே கையெழுத்துக் கேள்.

தம்பி


ஜூன் 11

தம்பிக்கு,

கையெழுத்து ஆகிவிட்டது. முப்பத்தொன்றில் இருபத்தாறு.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அப்பாவுக்கு வாசித்துக்காட்ட வேண்டியிருந்தது. கிழித்துப் போடச் சொன்ன வரியை மட்டும் விட்டுவிட்டேன். மிச்சம் முழுக்க வாசித்தேன். முடித்ததும், "அவன் பொய் எழுதினா எழுத்து வலது பக்கம் சாயும், பள்ளிக்கூடத்துலேர்ந்தே அப்படி. சாஞ்சிருக்கா பாரு" என்றார். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. சொன்னேன். "அப்ப சரி" என்றார். அப்பாவுக்காக மட்டும் இல்லை, எனக்காகவும்தான் பார்த்தேன்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் எல்லோரையும் கூட்டினேன். உள்ளே பேசினால் கேட்கும் என்று பயம், யாருக்குக் கேட்கும் என்று கேட்காதே. பலருக்குக் கிழவர் போன் கம்பெனிமேல்தான் மனசு. வரவேற்பு மேசைப் பெண்தான் விடாமல் கேட்டாள். நம் குரல் அவள் குரல்தானே. எட்டு மாதம் துணி போர்த்திய அலமாரிக்குள் உட்கார்ந்து, தொண்டை கட்டக் கட்டச் சுக்குத்தண்ணீர் குடித்து வாசித்தவள்.

"அக்கா, அங்க போனா என் குரலைத் தூக்கிப் போட்டுட்டு வேற யாரையாவது வெச்சுட்டா?"

"என் தம்பி உள்ள இருக்கான். வாக்குக் கொடுத்திருக்கான்."

"உங்க தம்பி எங்ககிட்ட சொல்லிக்காமப் போனவருதானேக்கா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "போகும்போது சொல்லல. இப்போ எழுதி அனுப்பியிருக்கான். எழுதினா அவன் மாத்தமாட்டான்" என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் பேனாவை வாங்கி என் முதுகிலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

கிழவர் போன் கம்பெனிக்குத் தாடிக்காரர் 'இல்லை' என்று எழுதிவிட்டார்.

மார்ச்சில் எழுதியதை எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று நினைக்காதே. ஆனால் அப்பா உனக்காக ஒரு பட்டியல் தயார் செய்கிறார். யானைக்குள் குரலைப் போடும்போது முதலில் கவனிக்க வேண்டிய இருநூறு சொல். தினம் காலையில் சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன். மனிதர் மறுபடி அச்சகத்துக்குப் போகிற மாதிரி தலை வாரிக்கொண்டு வந்து உட்காருகிறார்.

அக்கா


செப்டம்பர் 2

தம்பிக்கு,

ஜூலையில் இரண்டு கடிதம், ஆகஸ்டில் ஒன்று. பட்டியலையும் சேர்த்து அனுப்பினேன். பதில் இல்லை. வேலை அதிகம் என்று அப்பாவிடம் உனக்காக நானே காரணம் சொன்னேன்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி கூட்டம் என்றார்கள். திரையில் யானைக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். பதினோரு நிமிடம் பேசினாள், நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அணில் முப்பத்தொன்றாம் தேதி நிறுத்தப்படுகிறது. எல்லோருடைய பணிக்கும் நன்றி. யாராவது கேள்வி கேட்பதற்குள் திரை கறுத்துவிட்டது. வரவேற்பு மேசைப் பெண் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கிப் போய்விட்டாள். திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலை.

பைல்களை ஒப்படைக்கிற வேலைக்கு என்னை மட்டும் பத்து நாள் வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் அவர்கள் திறந்துவிட்ட பொதுப் பெட்டியில் மதிப்பீட்டு அறிக்கையும் கிடந்தது. யாரோ எடுக்க மறந்திருக்கிறார்கள். மேலே உன் பேர். தேதி மே பதினாலு.

நான் உனக்கு எழுதியது மே ஏழு.

மூன்றாவது பக்கம், இரண்டாவது பத்தி. 'மூத்தோருக்கான போன் தயாரிப்பாளர் ஒருவருடன் மூன்று சுற்றுப் பேச்சு முடிந்துள்ளது. நடந்தால் பயனர் எண்ணிக்கை நாலு லட்சமாகும். அதற்கு முன் வாங்கி மூடிவிடுவது நல்லது.' வாங்கி மூடிவிடுவது. அதற்குக் கீழே: 'ஊழியர்களின் சம்மதத்தை என் மூலமாகப் பெற முடியும்.'

மே மாதம் இந்தச் சேதி வேறு யாருக்கும் தெரியாது. தாடிக்காரர், நான், அவ்வளவுதான். என் கடிதத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். அப்பா வரிசையில் நின்ற கதையையும் அதே தாளில்தான் படித்தாய். அதை அறிக்கையில் சேர்க்கவில்லை, தேவைப்படவில்லை போலிருக்கிறது. அதற்கு எட்டு நாள் கழித்து எனக்கு வாக்குக் கொடுத்து எழுதியிருக்கிறாய், எழுத்துச் சாயாமல்.

வாசிப்புக் குரல் என்ன ஆயிற்று என்று அந்த அம்மாளுக்கு மெயில் போட்டேன். 'தற்போதைக்குக் காப்பகத்தில்' என்று பதில்.

உச்சரிப்பு எல்லாம் கம்பெனி சர்வரில் இருந்துதானே வந்தது, அதையும் அணைத்துவிட்டார்கள். முப்பத்தொன்றாம் தேதி காலையில் அப்பா செய்தித்தாள் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியம் நடுவில் நின்றது. பிறகு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தது. அ. ர. சு. ஊ. ழி. ய. ர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. அப்பா பத்து நிமிடம் பொறுமையாக எழுத்தைக் கூட்டிக் கேட்டார். பிறகு போனை மேசையில் குப்புற வைத்துவிட்டு, "ஏதோ கோளாறு, சின்னவன்கிட்ட சொல்லு, சரி பண்ணுவான்" என்றார்.

நான் பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ என்ன எழுதுகிறாய் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 15

அக்காவுக்கு,

இதை அப்பாவுக்கு வாசிக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

நீ படித்தது உண்மை. அந்த வரிகளை நான்தான் எழுதினேன். எப்படி எழுதினேன் என்று மட்டும் கேள்.

உன் மே மாதக் கடிதம் வந்த அன்றைக்கு, யானையில் நம் மொழிக்கு ஒழுங்கான வாசிப்பு வேண்டும் என்று மேலாளரிடம் போய் நின்றேன். எங்கே இருக்கிறது என்றார். அணிலில் இருக்கிறது, வாங்கிவிடலாம் என்றேன். சிரித்தார். "தானாச் சாகப்போறதை எதுக்கு வாங்கணும்?" என்றார். சாகப்போவதில்லை என்று காட்ட வேண்டியிருந்தது. வாயில் வந்துவிட்டது. கிழவர் போன் விஷயத்தைச் சொன்னேன். அப்போதுதான் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "அப்படின்னா எழுதிக் குடு" என்றார். 'வாங்கி மூடிவிடுவது' என்பது அவர் சொல். நான் தட்டச்சு செய்தேன். வாங்கினால் போதும், உள்ளே வந்துவிட்டால் குரலை எடுத்து நானே பொருத்திவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை நம்புகிறாயா? எனக்கே சில நாள் சந்தேகம் வருகிறது.

மூன்று கூட்டத்தில் குரலைப் பற்றிப் பேசினேன். முதல் கூட்டத்தில் நல்ல யோசனை என்றார்கள். இரண்டாவதில் அடுத்த வருடத் திட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். மூன்றாவதில், அந்த மொழிக்காரர்கள் எப்படியும் நம் போனைத்தானே வாங்குகிறார்கள், வேறு எதை வாங்குவார்கள் என்றார்கள். வேறு எதுவும் இல்லாமல் செய்ததே நான்தானே.

அப்பாவின் இருநூறு சொல் பட்டியல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதற்குத்தான் என்னால் பதில் எழுத முடியவில்லை.

எனக்குப் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள். வேறு யார் மூலமாவது நீ கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் யோசி. கிழவர் போனோடு போயிருந்தால் மட்டும்? இரண்டு வருடம். மிஞ்சிப்போனால் மூன்று. நான் கொன்றது எப்படியும் சாகவிருந்ததைத்தான். சாகவிருந்ததைக் கொன்றேன் என்று சொல்லி என்னால் தூங்கிவிட முடியும் என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு ஒரு புதுப் போன் அனுப்பியிருக்கிறேன், எங்களுடையதுதான், இருப்பதிலேயே நல்லது. ஆஸ்பத்திரி ஆப் போட்டே அனுப்பியிருக்கிறேன். என் நம்பரையும் பதிந்து வைத்திருக்கிறேன். அப்பா கூப்பிட்டால் எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் எடுப்பேன்.

தம்பி


அக்டோபர் 9

தம்பிக்கு,

வாசித்தேன். முதல் வரியிலிருந்து, வாசிக்காதே என்று நீ கெஞ்சியதையும் சேர்த்து. ஒரு சொல்லையும் விடாமல் வாசிக்கும் என்று சொல்லித்தான் அப்பாவுக்கு அந்தக் குரலைச் செய்துகொடுத்தோம். அது போய்விட்டது. இருக்கிறது நான்தான். நான் விட்டு வாசித்தால் அவருக்கு வேறு வழி கிடையாது. ஜூனில் ஒரு வரியை விட்டேன். இந்தத் தடவை விடவில்லை.

அணிலை மூடியதையும் அந்த அறிக்கையில் மூன்றாவது பக்கத்தில் இருந்ததையும் அப்பாவிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன். முடித்ததும், "மூணாவது பக்கம்னு நீ சொன்ன அந்த அறிக்கை இருந்தா அதையும் வாசி" என்றார். நகல் எடுத்து வைத்திருந்தேன். வாசித்தேன். 'வாங்கி மூடிவிடுவது' என்ற இடத்தில் கையைத் தூக்கினார். மறுபடி வாசிக்கச் சொன்னார். அப்புறம், "பிழையே இல்ல. நல்லா எழுதியிருக்கான்" என்றார். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். அப்போது மணி காலை பதினொன்று.

உன் போன் வந்து ஒரு வாரம் பெட்டியிலேயே கிடந்தது. திருப்பி அனுப்பிவிடலாம் என்று முகவரி கூட எழுதிவிட்டேன். அப்பா விடவில்லை. "அடுத்த வாரம் டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கணும், டோக்கன் வேணும்" என்றார்.

"அந்தப் போனையா எடுத்துக்கப் போறீங்க?" என்றேன்.

"நீ ஒரு பக்கம் இழுக்கிற, அவன் ஒரு பக்கம் இழுக்கிறான். எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்மா. அங்க மறுபடி அந்தக் கேள்விக்கெல்லாம் என்னால சத்தமாப் பதில் சொல்ல முடியாது."

உனக்கு எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த இடத்தில் எனக்கு உன்மேல் வந்ததைவிட அவர்மேல்தான் அதிகக் கோபம் வந்தது. ஆறு வருடம் அவருக்காகத்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு டோக்கன். அதை நான் ஒரு நாளும் வாங்கித் தரவில்லை. நீ தந்துவிட்டாய். கேட்க உனக்கு இனிப்பாக இருக்கும், இருக்கட்டும்.

பெட்டியைப் பிரித்தார். குரல் கேவலமாக இருக்கிறது. 'வாழைப்பழம்' என்பதை மூன்று விதமாகத் தப்பாகச் சொல்கிறது. அப்பா திருத்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு தடவை கூட 'குறிச்சுக்கோ' என்று சொல்லவில்லை. தப்பை அப்படியே கேட்டுக்கொண்டு, மனசுக்குள் சரியாக்கிக்கொண்டு, அடுத்ததற்குப் போகிறார். நாலு நாளில் பழகிவிட்டார். டோக்கனும் தானே போட்டார்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மயிலில். ஆமாம், மயில்தான். அடுத்த திங்கட்கிழமை சேர்கிறேன். விலை கூடின போன், கண்ணாடிக் கட்டடம், எல்லாம் உண்டு. நேர்முகத்தில், யானையை எப்படி ஜெயிப்பது என்று கேட்டார்கள். தெரியாது, ஆனால் யானைக்குள் ஒருத்தன் எப்படி யோசிப்பான் என்று மட்டும் நன்றாகத் தெரியும் என்றேன். அந்தப் பதிலுக்குத்தான் எடுத்தார்கள் என்று நினைக்கிறேன். வாசிப்புக் குரல் பிரிவு இல்லை, விளம்பரப் பிரிவு. இடம் இல்லை என்று நீ சொன்னது சரி. ஆனால் கிழவர் போனில் ஒரு இடம் கிடைக்கவிருந்தபோது எங்களை எழுப்பி வெளியே தள்ளியது யார் என்று நீயாகச் சொல்லவில்லை. நானே தெரிந்துகொண்டேன்.

வரவேற்பு மேசைப் பெண்ணை ஒரு கடையில் பார்த்தேன். கூட்டத்தில் என்னைத் தாண்டிப் போனாள். கூப்பிட்டேன். திரும்பி, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். நம் போனில் வாசித்த அதே குரல். ஒன்றும் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அப்பா உன்னைக் கூப்பிடுவார் என்று காத்திருக்க வேண்டாம். முந்தாநாள் அந்தப் போனில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். உதவட்டுமா என்றேன், வேண்டாம் என்று கையை ஆட்டினார். திரையைத் தடவித் தடவிப் பேர்ப் பட்டியலுக்குப் போனார். அதில் இருந்தது உன் பேர் ஒன்றுதான், நீயே பதிந்து அனுப்பியது. போன் வாசித்தது. அழுத்திப் பிடித்தார். 'நிரந்தரமாக நீக்கவா' என்று அது கேட்டது. அவ்வளவையும் பிழையில்லாமல் கேட்டது. இரண்டு தட்டுத் தட்டினால் போதும், வாயால் சொல்ல வேண்டியதில்லை. அப்பா தட்டினார். தட்டிவிட்டு, "ஆமா" என்று வாயாலும் சொன்னார்.

அந்தப் போனில் யார் உதவியும் இல்லாமல் அவர் முதலில் செய்தது டோக்கன். இரண்டாவது இது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். தடுக்கவில்லை.

அக்கா